ஐந்தாவது ஆள் வந்தால்

பெருநகரச் சேவை வாரியத்தில் எத்தனையோ பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. முட்டாள்களுக்கான இடம் மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. நான் அங்கே ஒப்பந்த ஊழியை, பெயர் நஸீமா. வேலை, கொள்கை அச்சுகளைப் பராமரிப்பது. கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய தத்துவ வேலை மாதிரி இருக்கும். ஒரு மண்ணும் இல்லை. நகரத்தில் உள்ள ஒவ்வொரு கருவியும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மேலிருந்து கட்டளை போகும். அந்தக் கட்டளைகளுக்கு ஓர் அச்சு உண்டு, ஒவ்வொரு மாடலுக்கும் அதில் ஒரு பக்கம். அச்சைப் புதுப்பித்து, எல்லாக் கருவிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. லிஃப்ட், குடிநீர் வால்வு, செயற்கைச் சிறுநீரகம், பேசும் தொண்டை, எல்லாமே எங்களுக்கு வெறும் கருவிகள்தான்.

கருவிகளில் இரண்டு வகை. மேசை வகை, சர்வர் வகை. ஒரு காலத்தில் ஆபீஸ் மேசைமேல் இருந்த கணினிக்கும் குளிரறையில் இருந்த சர்வருக்கும் தனித்தனி விதி வைத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது மேசையும் இல்லை, குளிரறையும் இல்லை, பிரிவை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஒரே ஆளுக்குச் சொந்தமானது என்றால் மேசை, பொதுவுக்கு உழைத்தால் சர்வர். ஆக, மனிதன் கழுத்தில் இருக்கும் செயற்கைத் தொண்டை எங்கள் கணக்கில் ஒரு மேசை. ரயில் நிலையத்து ஒலிபெருக்கி ஒரு சர்வர். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சில்லு, ஒரே டெண்டரில் வாங்கியது. இதைச் சொன்னால் மேலதிகாரிகள் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

டில்லிபாபு வந்த அன்று நான் ஏற்கெனவே எரிச்சலில்தான் இருந்தேன். அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் வாரியம் கொடுத்த சாம்பல் நிறப் பெட்டி. கூடவே அவர் மனைவி ஹேமாவதி.

"மேடம், தொண்ட நல்லாத்தான் கீது. ஆனா கூட்டத்தக் கண்டா கம்முனு பூடுது," என்றார் டில்லிபாபு. பெட்டியிலிருந்து வந்தாலும் அது அவருடைய குரல்தான், பழைய பதிவிலிருந்து வார்த்தது.

"கூச்சமா இருக்கும். டாக்டரைப் பாருங்க," என்றேன். கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம்.

ஹேமாவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவருக்கா கூச்சம்? முன்னெல்லாம் மார்க்கெட்டாண்ட நின்னு கத்தினா மூணு தெருவுக்குக் கேக்கும் மேடம். பொண்ணு கல்யாணத்துல சபைல ஒரு வார்த்த பேசல. சம்பந்தி வூட்டுக்காரங்க திமிர் புடிச்ச ஆளுன்னுட்டாங்க."

டீ கொண்டுவரும் அக்கா உள்ளே வந்தார். டில்லிபாபு பேசிக்கொண்டே இருந்தார். பின்னாலேயே அடுத்த அறை பார்த்திபன் சார்ஜர் கேட்டு எட்டிப் பார்த்தான். டில்லிபாபுவின் வார்த்தை நடுவில் அறுந்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பார்த்திபனை வெளியே போகச் சொன்னேன். சத்தம் வந்தது. மறுபடி உள்ளே கூப்பிட்டேன். போயிற்று. பார்த்திபன் என்னைப் பைத்தியமா என்பதுபோல் பார்த்தான்.

"வூட்ல நானு, இவ, பொண்ணு, மாப்ள. நாலு பேரு வரைக்கும் பேசுது," என்றார் டில்லிபாபு. "பேத்தி பொறந்தப்புறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்தா நான் ஊமை. நான் பேசணும்னா யாராச்சும் ஒருத்தர் எழுந்து வெளிய போணும். மாப்ளதான் பாவம், தட்ட எடுத்துகினு வாசல்ல போய் நின்னுப்பாரு."

அவர் கழுத்துச் சில்லைப் படித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு வரி இருந்தது. நான்கு பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஒலி கூடாது. என் திரையில் தேடினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை.

விஷயம் இதுதான், அவர்களிடமும் சொன்னேன். பல வருஷத்துக்கு முன் கரையான்மேடு குடிநீர் நிலையத்தில் குளோரின் கசிந்தது. நிலையம் வாரியத்துடையது. தப்பியவர்களில் பலருக்குத் தொண்டை வெந்துபோனது, டில்லிபாபுவுக்கும்தான். வாரியம் பெரிய மனது பண்ணி இலவசமாகத் தொண்டை கொடுத்தது. தொண்டை கிடைத்தவர்கள் நேரே வாரியத்தின் வாசலில் வந்து நின்று அதே தொண்டையால் கத்தினார்கள். அதற்காகப் பிறந்ததுதான் அந்தக் கட்டளை. தனி ஆட்களின் தொண்டைக்கு மட்டும், அதாவது மேசை வகைக்கு மட்டும். கத்தியவர்களுக்கு இப்படி ஒரு கட்டளை வந்ததே தெரியாது. ஓசியில் வந்த மாடல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். விஷயம் கசிந்து கோர்ட் கண்டித்ததும் வாரியம் வாபஸ் வாங்கிவிட்டதாக அறிவித்தது.

"வாபஸ் வாங்கிட்டாங்கன்னா அப்பால ஏன் மேடம் அடைக்குது?" என்று கேட்டாள் ஹேமாவதி.

"எங்க அச்சுல ஒவ்வொரு கட்டளைக்கும் மூணு நிலை இருக்கும்மா. ஆம், இல்லை, சொல்லப்படவில்லை. வாபஸ் வாங்கின புத்திசாலி 'இல்லை'ன்னு வெச்சிருக்கணும். 'சொல்லப்படவில்லை'ன்னு வெச்சுட்டான்."

"சொல்லலன்னா இன்னா அர்த்தம்?"

"ஏற்கெனவே எப்படி இருந்துச்சோ அப்படியே இருன்னு அர்த்தம்."

"கட்டிப் போட்டவன் அவுக்காமலே, நான் இப்ப கட்டலயேன்ற மாதிரி," என்றாள் ஹேமாவதி.

அதேதான். பிறகு புது அச்சுகள் வந்தபோது பழைய கோப்புறைமேல் அப்படியே கொட்டினார்கள். எங்கள் வாரியத்தில் எதையும் பிரித்துப் பார்த்து அடுக்கும் வழக்கம் கிடையாது. அதில் இந்தப் பழைய மாடலுக்கான பக்கமே போய்விட்டது. பக்கம் போனதால் கட்டளை திரையில் தெரியாது. தெரியாததால் மாற்றவும் முடியாது. கழுத்துகளில் மட்டும் அது சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"ஏன் இத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம சாட்சி சொல்லணும்," என்றார் டில்லிபாபு.

கசிவை விசாரிக்க ஒருவழியாகக் கமிஷன் அமைத்திருந்தார்கள். போலி வீடியோவும் போலிக் கையெழுத்தும் தெருவுக்குத் தெரு மலிந்த பிறகு கமிஷன்கள் எழுத்து எதையும் ஏற்பதில்லை. பொது அரங்கில், சாட்சியின் சொந்தத் தொண்டையிலிருந்து வரவேண்டும். வாரியம் கொடுத்த தொண்டையும் சொந்தத் தொண்டையே என்று ஓர் உட்பிரிவு. நீதிபதி, எழுத்தர், இரண்டு பக்க வக்கீல், சாட்சி, அதற்கே ஐந்து பேர் ஆகிவிட்டது. போன தடவை டில்லிபாபு கூண்டில் ஏறி வாயை அசைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். யாருடைய தொண்டையும் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று வாரியம் பிரமாணம் செய்திருக்கிறது. 'சாட்சி பேச விரும்பவில்லை' என்று பதிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு.

நேரே துணை இயக்குநர் கிரிதரன் அறைக்குப் போனேன். கிரிதரன் வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை, யாருக்கும் உதவியதும் இல்லை. எப்போதும் சிரித்த முகம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எங்க இருக்கு அந்தக் கட்டளை, காட்டுங்க," என்றார்.

"திரையில இல்ல சார். கழுத்துல இருக்கு. பழைய அச்சைத் திரும்பப் போட அனுமதி கொடுங்க. அந்த ஒரு வரியை 'இல்லை'ன்னு மாத்திட்டு உடனே எடுத்துடறேன்."

"திரையில இல்லாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"போட்டா திரையில வந்துடும் சார்."

"வந்துட்டா இவ்வளவு நாள் இருந்துதுன்னு ஆயிடுமே."

"இருந்தது சார்."

"அதைத்தான் இல்லைன்னு எல்லா இடத்துலயும் சொல்லியிருக்கோம், நஸீமா." ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சிரித்தார். "யாரு அந்த ஆளு?"

பெயரைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "அதெல்லாம் மெஷின் பழசாகியிருக்கும். விட்டுடுங்க," என்றார்.

விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு விடவில்லை. மறுநாள் டில்லிபாபுவின் வீட்டுக்குப் போனேன். வழி ஒன்று இருந்தது, அசிங்கமான வழி.

"கூட்டத்துல பேசலாமான்னு சர்வர் வகையில தெளிவா ஒரு வரி இருக்கு. அது 'ஆம்'. இருக்கத்தானே வேணும், ஸ்டேஷன்ல கூட்டம் இல்லாம எப்ப இருக்கும்? உங்களை அந்த வகைக்கு நகர்த்தினா பழைய வரிமேல இது ஏறிடும். நகர்த்த யார் கையெழுத்தும் வேண்டாம். லிஃப்டையும் பம்பையும் தினம் நகர்த்தறவதான் நான்."

"அப்பால?" என்றார் டில்லிபாபு.

"திரும்பி வர முடியாது. மேசை வகையில உங்க மாடலுக்குப் பக்கமே இல்ல. சர்வர்னா வாரியத்தோட சொத்து. கண்டுபிடிச்சாங்கன்னா மொத்தமா நிறுத்திடலாம். வீட்டுலயும் பேச முடியாது."

"வாணாம்," என்றாள் ஹேமாவதி உடனே. "காலீல எழுந்து ஏமே, டீ வைன்றியே, அது போதும் எனக்கு. கமிஷன் இன்னா கிழிக்கப் போவுது?"

"உனுக்குப் போதும்," என்றார் அவர். "உள்ளாற இருந்து கதவத் தட்டினாங்களே, அவங்களுக்கு?"

டில்லிபாபு என் பக்கம் திரும்பினார். "நான் கேட் ஆளு மேடம். ஷிஃப்ட் டைம்ல கேட்டு தொறக்கக் கூடாதுன்னு ஒரு கொள்க. டீ குடிக்க வெளிய போறாங்கன்னு போட்டது. காஸ் அடிச்சப்ப உள்ள ஒம்போது பேரு. கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு, கொள்கய எடு சார், கேட்ட தொறன்னு கெஞ்சினேன். மேல கேட்டுட்டு சொல்றேன்னு வெச்சுட்டான். அவன் சிஸ்டத்துல ஒரு அழுத்து அழுத்தினா போதும். தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டாண்டதான் நின்னேன். அந்த காஸ்தான் என் தொண்டயத் தின்னுது."

"யாரு அது, கன்ட்ரோல் ரூம்ல?"

"கிரிதரன். இப்ப உங்காளு."

தண்ணீர் குடித்த காரணம் புரிந்தது. மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டான். இப்படிப்பட்டவர்கள் கீழே விழுந்து நான் பார்த்ததே இல்லை.

ஹேமாவதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அங்கிருந்தபடியே சொன்னாள்: "மாத்துங்க மேடம். அதுக்கு முன்னால எங்கிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு வரட்டும்."

நான் வாசலில் போய் நின்றேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி சாருமதி. வாரியத்தின் பக்கம் வக்கீல், அவர் பக்கத்தில் கிரிதரன், மடியில் கைபேசி. சாட்சி வாயசைத்துவிட்டு இறங்குவதைப் பார்க்க வந்திருந்தார். நான் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் பின்வரிசையில் இருந்தேன். டில்லிபாபுவைக் காலையிலேயே நகர்த்தியிருந்தேன். ரயில் அறிவிப்பெல்லாம் மண்டலம் பார்த்துப் போகும். அவருக்கு எந்த மண்டலமும் கொடுக்கவில்லை, அறிவிப்பு எதுவும் அவர் கழுத்துக்கு வராது.

"பேசறீங்களா?" என்று கேட்டார் நீதிபதி, நம்பிக்கை இல்லாமல்.

"பேசறேன் மா," என்றார் டில்லிபாபு.

சத்தம் கடைசி வரிசைவரை வந்தது. அவரே ஒரு கணம் பயந்துபோய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஹேமாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிரிதரனின் சிரிப்பு முதன்முறையாகக் கொஞ்சம் வழுக்கியது.

எல்லாவற்றையும் சொன்னார். கொள்கை, பூட்டு, போன், தட்டிய சத்தம், கிரிதரன் பெயர். இடையில் வக்கீல் எழுந்தார், நீதிபதி உட்கார வைத்தார்.

"செத்தவங்க பேரு சொல்றேன் மா," என்றார் டில்லிபாபு. "டெய்லி கூலிங்க. எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. உள்ள யாருமே இல்லன்னு வாரியம் சொல்லுது. எனக்கு அத்தினி பேரும் தெரியும். தண்ணி டெஸ்ட் பண்ற அமுலு. பம்ப் ரூம் ஜாஃபரு. அவன் மச்சான் ரஹீமு."

எங்கள் வாரியத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. குற்றச்சாட்டு வந்தால் விசாரிக்க மாட்டார்கள், அந்த நிமிஷமே மறுப்பார்கள். நகரத்தில் உள்ள எல்லா அறிவிப்புச் சர்வரிலும் மறுப்பு ஒலிக்கும், மும்முறை. மறுப்பு அவசர வகை, அது மண்டலம் பார்க்காது. இது எனக்குத் தெரியும், ஆனால் கூண்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிரிதரன் குனிந்து கைபேசியில் எதையோ தட்டினார். சர்வர்களில் ஒன்று எதிரே கூண்டில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"பொதுமக்கள் கவனத்திற்கு," என்றார் டில்லிபாபு.

அவருடைய குரல்தான். சில்லுக்குத் தெரிந்த ஒரே குரல் அது. "கரையான்மேடு நிலையம் குறித்து இன்று கமிஷன் முன் கூறப்பட்டவை முற்றிலும் அடிப்படையற்றவை. நிலையத்தின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே எவரும் இறக்கவில்லை."

அரங்கம் சலசலத்தது. வக்கீல் துள்ளி எழுந்தார். "மைலார்ட், சாட்சியே மறுத்துவிட்டார். பதிவு செய்யவேண்டும்."

டில்லிபாபு கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் அரங்கம் முழுக்க அலைந்தது. பெட்டி இரண்டாம் முறை தொடங்கியது. கதவு திறந்தே இருந்தது என்று அது சொன்னபோது அவர் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து இழுத்தார். அதைக் கழற்றக்கூடாது. சதையோடு பின்னிய நுண்ணிழைகள் உள்ளே இருக்கும், அறுந்தால் மறுபடி ஒட்டாது. மாட்டிவிடும்போதே இதை எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புவார்கள். அவர் இழுத்தார். பெட்டி வந்துவிட்டது. ரத்தம் சட்டையில் இறங்கியது.

அதைக் கூண்டின் விளிம்பில் வைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். பெட்டி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. "உள்ளே எவரும் இறக்கவில்லை. பொதுமக்கள் கவனத்திற்கு."

நீதிபதி பெட்டியைப் பார்த்தார், பிறகு மூடிய வாயைப் பார்த்தார். ஹேமாவதி தடுப்பைத் தாண்டி ஓடி முந்தானையை அவர் கழுத்தில் அழுத்திக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அத்த நிறுத்தச் சொல்லுங்க. எம் புருசன் குரல்ல பொய் சொல்லுது."

கிரிதரன் கைபேசியைக் குத்து குத்து என்று குத்தினார். நிற்கவில்லை. பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. அனுப்ப மட்டும்தான் தெரியும். எழுந்து பின்வரிசையைப் பார்த்துக் கத்தினார். "நஸீமா, அதை நிறுத்துங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. நீதிபதி கேட்டார்: "எதை நிறுத்தச் சொல்றீங்க, மிஸ்டர் கிரிதரன்? யாருடைய தொண்டையும் உங்க கையில இல்லைன்னு பிரமாணம் செஞ்சீங்களே?"

கிரிதரன் உட்கார்ந்தார். அவர் சொன்னது சொந்தத் தொண்டையிலிருந்து, பொது அரங்கில், அத்தனை பேர் முன்னால் வந்தது. பதிவாகிவிட்டது. நான் பெட்டியை நிறுத்தினேன்.

மருத்துவர் வந்து கட்டுப் போட்டார். சாட்சியம் ஏற்கப்படுகிறது என்று நீதிபதி சொன்னார். மேற்கொண்டு ஏதாவது உண்டா என்றும் கேட்டார், வழக்கமாகக் கேட்பதுபோல. டில்லிபாபு உதட்டை அசைத்தார். ஹேமாவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆறு பேரு பாக்கி கீறாங்களாம்மா," என்றாள். "பேரு சொல்லி முடிக்கலயாம்."

"அவர் சொந்தத் தொண்டையிலதான் சொல்லணும்மா. விதி," என்றார் நீதிபதி. பிறகு எழுத்தரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "பதிவாகாது. சொல்லுங்க, கேக்கறேன்."

டில்லிபாபு உதட்டை அசைக்க அசைக்க ஹேமாவதி சொன்னாள். கேன்டீன் மரகதம். வெல்டர் பீட்டர்ராஜ். டிரம் உருட்டும் குப்பம்மா, அவள் மருமகள் சுகன்யா. பெருக்க வரும் சலீமா. கடைசியாக ஒரு லாரி கிளீனர். ஒடிசாக்காரப் பையன், பெயர் தெரியாது, எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

அறிக்கை வர வெகுநாள் ஆனது. அதற்குள் என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். போய்த் தொலையட்டும். கிரிதரன்மேல் வழக்கு நடக்கிறது. மூன்று பேர் சாவுக்குக் காரணமானதாக. விதிப்படி வாய்மொழியாக வந்தவை மூன்று பெயர்கள்தான் என்பதால், கரையான்மேட்டில் இறந்தவர்கள் மூவர் என்று அறிக்கையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஹேமாவதியிடம் கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளையும் பேத்தியும்கூட. யாரும் எழுந்து வெளியே போகவேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஹேமாவதி கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப மத்த ஆறு பேரும் எங்க கீறாங்க மேடம்?" என்று கேட்டாள்.